ஊதிப் பழகினால் பேச்சு வருமா?

பேச்சு தாமதமாகும் குழந்தைக்கு முதலில் வாங்கப்படுவது பெரும்பாலும் ஒரு விசில். பிறகு சோப்புக் குமிழி, ஸ்ட்ரா, பலூன், நாக்கில் வைத்து அழுத்தும் அதிர்வுக் கருவி என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். வாய்த் தசை பலவீனமாக இருக்கிறது, அதை வலுவாக்கினால் பேச்சு வந்துவிடும் என்பது கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே குழந்தை முறுக்கைக் கடித்துத் தின்கிறது, பாயசத்தை உறிஞ்சிக் குடிக்கிறது, அழுதால் தெருவே திரும்பிப் பார்க்கிறது. பேசும்போது நாக்கும் உதடும் தங்கள் முழு வலுவில் மிகச் சிறிய பங்கைத்தான் செலவிடுகின்றன. அதற்குத் தேவைப்படுவது வேகமும் வரிசையும். உதடு எப்போது ஒட்ட வேண்டும், நாக்கு எப்போது மேலே போக வேண்டும், தொண்டை எந்த நொடியில் ஒலி எழுப்ப வேண்டும் என்ற ஒழுங்கு பலூன் ஊதுவதில் இல்லை. ஊதுதல், நாக்கை நீட்டி மடக்குதல் போன்ற பேச்சில்லாத வாய்ப் பயிற்சிகளைப் பற்றி, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015இல் செய்த ஆய்வுத் தொகுப்பும் அவற்றால் பேச்சு திருந்துகிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை என்றே முடித்தது. மூளை முடக்குவாதத்தால் தசையே தளர்ந்த குழந்தைகளின் நிலை வேறு. அதை இங்கே கலக்க வேண்டாம்.

இங்கே பேசுவது கைகால் அசைவிலும் பேச்சிலும் சேர்ந்தே தடுமாறும் குழந்தைகளைப் பற்றி. அசைவுத் தடுமாற்றத்தை டிஸ்பிராக்சியா என்கிறோம். மருத்துவ ஏடுகளில் டி.சி.டி. (டெவலப்மென்டல் கோஆர்டினேஷன் டிஸ்ஆர்டர்) என்று இருக்கும். பள்ளி வயதுக் குழந்தைகளில் 5 முதல் 6 சதவீதம் பேருக்கு இது உண்டு. பேச்சில் வரும் அப்ராக்சியா அரிது, ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்குத்தான். ஒரே குழந்தையிடம் இரண்டும் இருப்பது புதுமையல்ல. இரண்டிலும் தசை நன்றாகவே இருக்கிறது. அசைவைத் திட்டமிட்டு, வரிசைப்படுத்தி, தானாக வரும்வரை மூளையில் பதிய வைப்பதில்தான் சிக்கல்.

வீட்டிலேயே கவனிக்கக்கூடிய ஓர் அடையாளம்: "பட்டாம்பூச்சி" என்று ஐந்து முறை சொல்லச் சொல்லுங்கள். ரகரம் வராத குழந்தை எப்போதும் ஒரே மாதிரி தவறும். "ரயில்" என்றைக்கும் "லயில்"தான். அப்ராக்சியா உள்ள குழந்தை "பத்தாபூசி", "பாம்பூச்சி", "தப்பாபூ" என்று ஒவ்வொரு முறையும் ஒரு விதமாகச் சொல்லும். சில சமயம் சத்தமே வராமல் வாய் மட்டும் இடம் தேடும். அமெரிக்கப் பேச்சு, மொழி, கேட்டல் சங்கம் 2007இல் வெளியிட்ட அறிக்கை மூன்று அடையாளங்களைச் சொன்னது. ஒரே சொல்லைத் திரும்பச் சொல்லும்போது மெய்யும் உயிரும் மாறி மாறித் தவறும். ஓர் ஒலியிலிருந்து அடுத்ததற்குப் போகும் இடம் இழுபடும் அல்லது அறுபடும். பேச்சின் ஏற்ற இறக்கம் இயல்பாக இருக்காது. தமிழில் இரண்டாவதும் மூன்றாவதும் சட்டென்று காதில் படும், ஏனென்றால் நம் மொழியில் நீளமே பொருளை மாற்றுகிறது. பல், பால், கல், கால், படம், பட்டம். குறிலையும் நெடிலையும் ஒரே அளவில் இழுக்கும் குழந்தை எதைக் கேட்கிறது என்று பெற்ற தாய்க்கே புரியாது.

மூன்று வயதுக்கு முன் அப்ராக்சியா என்றோ, ஐந்து வயதுக்கு முன் டி.சி.டி. என்றோ உறுதியாக முத்திரை குத்துபவரிடம் கொஞ்சம் நிதானமாக இருங்கள். அதற்காகப் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. சந்தேகம் என்ற நிலையிலேயே தொடங்கலாம். அதற்கு முன் காது பரிசோதனை கட்டாயம். கூப்பிட்டால் திரும்புகிறான் என்பது பரிசோதனை ஆகாது. நாக்கடிச் சவ்வு ஒட்டியிருந்தால் வெட்டிவிடச் சொல்வார்கள். பால் குடிக்க இடைஞ்சல் என்றால் அது தனிப் பேச்சு. அப்ராக்சியாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சை இழந்தாலோ, வலிப்பு வந்தாலோ, தரையிலிருந்து எழும்போது தன் தொடையிலேயே கை ஊன்றி ஏறும் பையனுக்குக் கெண்டைக்கால் தடித்திருந்தாலோ தெரபி மையத்துக்குப் போகாதீர்கள். நேரே குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். கடைசியாகச் சொன்னது தசைச் சிதைவு நோயின் அடையாளமாக இருக்கலாம்.

மாற்று சிகிச்சைக்கு வருவோம். எதைச் செய்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த ஒரு மணி நேரத்தில் குழந்தை எத்தனை முறை பேசியது, எத்தனை முறை பொத்தானைப் போட்டது? கரையில் நின்று கை வீசினால் நீச்சல் வராது. அசைவுப் பயிற்சியின் அடிப்படை விதியும் அதுதான்: எதைப் பழகினோமோ அதுதான் வரும், அதற்கு மிக அருகில் இருப்பது கொஞ்சம் வரும்.

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் பல முறைகள் தாமே உதிர்ந்துவிடும். மண்டையோட்டை மெதுவாகத் தொட்டு அதன் தாளத்தைச் சீராக்குவதாகச் சொல்லும் கிரேனியல் ஆஸ்டியோபதி 1930களில் அமெரிக்காவில் வில்லியம் சதர்லாந்து தொடங்கியது. அந்தத் தாளத்தை இரண்டு வல்லுநர்கள் ஒரே ஆளிடம் எண்ணினால் எண்ணிக்கை பொருந்துவதில்லை. குழந்தை நன்றாகத் தூங்கலாம். பேச்சுக்கு அங்கே வேலையில்லை. தொக்கணம் என்ற சித்த மருத்துவ மசாஜும் எண்ணெய்க் குளியலும் அதே வரிசைதான். சுகமானவை, உறவை வளர்ப்பவை, செய்யுங்கள். ஆனால் வர்மப் புள்ளியை அழுத்தினால் நாக்கு திருந்தும் என்று பணம் கட்டாதீர்கள். அமெரிக்காவில் டோமனும் டெலகாட்டோவும் பரப்பிய பேட்டர்னிங் முறையில் பெரியவர்கள் பலர் சுற்றி நின்று குழந்தையின் கைகால்களைத் தவழும் பாணியில் நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப அசைக்க வேண்டும். அதில் அசைவது பெரியவர்கள்தான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1999இல் இதற்குச் சான்று இல்லை என்று எழுதியதோடு, குடும்பத்தின் மேல் அது ஏற்றும் சுமையையும் சுட்டிக்காட்டியது. பிரிட்டனில் ஆடும் பலகையில் நின்று மணல்பை பிடிக்கும் டோர் திட்டம் சிறுமூளையைத் திருத்துவதாக விளம்பரம் செய்தது. 2008இல் அந்த நிறுவனம் கவிழ்ந்தது. ஆடும் பலகையில் நின்ற பிள்ளைகளுக்கு ஆடும் பலகையில் நிற்க நன்றாக வந்தது, அவ்வளவுதான்.

நம் ஊர் மையங்களில் ஊஞ்சலும் பந்துத் தொட்டியும் நிறைந்த சென்சரி இன்டகிரேஷன் (புலன் ஒருங்கிணைப்பு) அறை இல்லாத இடமே இப்போது குறைவு. கலிபோர்னியாவின் ஜீன் ஏயர்ஸ் 1970களில் வகுத்த சிந்தனை அது. முதல் பத்து நிமிடம் ஊஞ்சலாடி உடம்பு விழித்துக்கொண்டு, அடுத்த முப்பத்தைந்து நிமிடம் சட்டை போடவும் எழுதவும் பழகினால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. நாற்பத்தைந்து நிமிடமும் ஊஞ்சல்தான் என்றால் பூங்காவிலேயே ஆடலாமே. டி.சி.டி. பற்றி 2019இல் வெளிவந்த பன்னாட்டுப் பரிந்துரைகளும் குழந்தைக்குத் தேவையான செயலையே நேராகப் பழக்கும் முறைகளைத்தான் முன்னிறுத்துகின்றன.

மருந்து வகையில் மூன்று. மீன் எண்ணெய் பற்றி ஆக்ஸ்போர்டு-டர்ஹம் ஆய்வு 2005இல் வந்தது, டி.சி.டி. உள்ள 117 குழந்தைகளுக்கு மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். கைகால் அசைவில் மாற்றமில்லை. வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் முன்னேற்றம் தெரிந்தது. அதே குழுவினர் சாதாரணப் பள்ளிக் குழந்தைகளிடம் பெரிதாகச் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வில் அந்த வாசிப்புப் பலனும் கிடைக்கவில்லை. மீன் எண்ணெயோடு வைட்டமின் ஈயைப் பெரிய அளவில் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் பெற்றோர் சொன்ன அனுபவங்களின் மேல் எழுந்தது, ஒப்பீட்டுச் சோதனையின் மேல் அல்ல. மருத்துவரைக் கேட்காமல் அந்த அளவைத் தொடவே கூடாது.

வசம்புக்குத் தனியாக ஒரு பத்தி வேண்டும். பிள்ளை வளர்ப்பான் என்ற பெயரே அதற்கு உண்டு. சுட்டு, உரசி, தேனில் குழைத்து நாக்கில் தடவினால் பேச்சு தெளியும் என்று பாட்டிமார் அன்போடுதான் சொல்கிறார்கள். அதிலுள்ள பீட்டா அசரோன் என்ற பொருள் எலிகளுக்குப் புற்றுநோயை உண்டாக்கியதால் அமெரிக்கா 1968இலேயே வசம்பை உணவில் தடை செய்துவிட்டது. அளவு மிஞ்சினால் விடாத வாந்தி வரும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனே ஆகாது; பொட்டுலிசம் என்ற நச்சு நோய்க்கு அது வழி. கையில் கட்டும் வசம்பு மணியைக் குழந்தை கடித்து விழுங்கினால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். உலோகச் சரக்கு சேர்ந்த பற்பம், செந்தூரம் எதையும் "பேச்சுக்கு" என்று வாங்காதீர்கள். ஈயம் வளரும் மூளையின் நேர் எதிரி. பாட்டியிடம் சண்டை போட வேண்டியதில்லை. வசம்புக்குப் பதிலாகத் தினமும் பத்து நிமிடம் பேச்சுப் பயிற்சியில் அவரை உட்கார வையுங்கள். கதை சொல்லும் பொறுமை வீட்டில் அவருக்குத்தான் அதிகம்.

அந்தப் பயிற்சி எப்படி இருக்க வேண்டும்? மேயோ கிளினிக்கில் பணியாற்றிய எடித் ஸ்ட்ராண்ட் வகுத்த முறையின் எலும்புக்கூடு இது. முதலில் ஐந்தே சொற்கள். நாளுக்குப் பலமுறை தேவைப்படும் சொற்களாக, இப்போது வரும் ஒலிகளோடு ஒன்றிரண்டு புது அசைவு மட்டும் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். வா, தா, போ, அம்மா, போதும். "வேணும்", "வேணாம்" இரண்டையும் தொடக்கத்திலேயே சேர்த்துப் போடாதீர்கள். இரண்டுக்கும் வேறுபாடு ணு, ணா என்ற ஓர் உயிரில் இருக்கிறது. உயிரொலி நிலைக்காத குழந்தை தோசை வேண்டும் என்று அழுதுகொண்டே "வேணாம்" என்று சொல்லிவிடும். மறுப்புக்குப் "போதும்" எடுத்துக்கொண்டால் குழப்பமில்லை.

குழந்தையும் நீங்களும் எதிரெதிரே, கண்கள் ஒரே மட்டத்தில் இருக்கும்படி உட்காருங்கள். உங்கள் வாய்மேல் வெளிச்சம் படட்டும். முதல் படியில் இருவரும் சேர்ந்தே, மெதுவாகச் சொல்ல வேண்டும். மெதுவாக என்றால் உயிரொலியை நீட்டி: "போஓஓதும்". இங்கேதான் பெரும்பாலான வீடுகளில் தவறு நடக்கிறது. "போ... தும்" என்று அசை அசையாக வெட்டிச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அசைகளை ஒட்ட முடியாததே இந்தக் குழந்தையின் சிக்கல். வெட்டிப் பழக்கினால் வெட்டு நிலைத்துவிடும். ஒரே மூச்சில், இடையில் ஒலி அறாமல் போக வேண்டும். சேர்ந்து சொல்வது நன்றாக வந்தபின் உங்கள் குரலைக் குறையுங்கள், பிறகு வாயை மட்டும் அசையுங்கள். அடுத்த படியில் நீங்கள் சொல்ல, உடனே குழந்தை சொல்ல வேண்டும். அதற்கடுத்து நீங்கள் சொன்னபின் இரண்டு மூன்று நொடி காத்திருந்து சொல்ல வேண்டும். கடைசியில் சொல்லாமலே கேளுங்கள்: "இன்னும் சாதம் போடவா?" எந்தப் படியில் தடுமாறினாலும் உடனே ஒரு படி இறங்குங்கள். மூன்று முறை தவறவிட்டுப் பிறகு இறங்குவது தவறான அசைவை மூன்று முறை பழக்குவதற்குச் சமம்.

ஒரு சொல்லை இருபது முறை என்றால் ஐந்து சொற்களுக்கு நூறு. இடையிடையே பம்பரம், ஒட்டுப்படம் எதையாவது வைத்துக்கொண்டால் இருபது நிமிடத்தில் முடியும். வாரம் ஒருநாள் ஒரு மணி நேரத்தைவிடத் தினமும் பத்துப் பத்து நிமிடமாக இருமுறை மேல். சிட்னியில் 2015இல் வந்த ஆய்வில் 4 முதல் 12 வயது வரை 26 குழந்தைகளுக்கு வாரம் நான்கு நாள், மூன்று வாரம், தினம் ஒரு மணி நேரம் என்று ரெஸ்ட், நஃபீல்ட் என்ற இரண்டு பேச்சுப் பயிற்சி முறைகளை ஒப்பிட்டார்கள். இரண்டுமே பலன் தந்தன. இரண்டிலும் குழந்தைகள் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். ரெஸ்ட் முறை ஆங்கிலச் சொல்லழுத்தத்தைச் சுற்றிக் கட்டியது. அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் பொருந்தாது. நமக்கு அந்த இடத்தில் குறில் நெடிலும் ஒற்று இரட்டிப்பும் வேண்டும்: பட்டு, பாட்டு, படம், பட்டம்.

தொடக்கத்தில் ஒரே சொல்லைத் தொடர்ந்து பழக்கலாம். கொஞ்சம் வந்ததும் சொற்களைக் கலைத்துப் போடுங்கள். கலைத்தால் பிழை கூடும், ஆனால் நிற்பது அதுதான். திருத்தும்போது "நல்லா சொல்லு" என்று சொல்வதில் பயனில்லை. "உதடு ஒட்டல, ஒட்டிச் சொல்லு" என்றால் குழந்தைக்கு ஏதோ ஒரு வேலை இருக்கிறது. சொல் தேறத் தேறத் திருத்தத்தைக் குறைத்து, சரியா என்று குழந்தையையே கேளுங்கள். ழகரத்தையும் றகரத்தையும் இப்போது விட்டுவிடுங்கள்; எந்தக் குழந்தைக்குமே அவை கடைசியில்தான் வரும். விருந்தாளி முன் "மாமாவுக்குச் சொல்லிக் காட்டு" என்பதும், சொன்னால்தான் பிஸ்கட் என்று பூட்டி வைப்பதும் குழந்தையை ஊமையாக்கும் வழிகள். படம் காட்டிக் கேட்பதையும் கையசைவையும் தடுக்காதீர்கள். அவற்றால் பேச்சு குறைவதில்லை. படத்தைத் தொட்டால் அந்தச் சொல்லைப் பேசும், சென்னையில் உருவான ஆவாஸ் செயலி தமிழிலும் இயங்குகிறது. பள்ளிக்காக வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசச் சொல்லும் அறிவுரையையும் கேட்க வேண்டியதில்லை. இரண்டு மொழியால் அப்ராக்சியா வருவதில்லை. தாத்தாவோடு பேச முடியாமல் போவதுதான் மிச்சம்.

மாற்று முறைகளில் என் வாக்கு சொல்கட்டுக்கு, அதாவது பரதத்திலும் மிருதங்கத்திலும் வாயால் சொல்லும் தாளச் சொற்களுக்கு. த, கி, ட என்னும்போது நாக்கு பல்லுக்கும் தொண்டைக்கும் மேலண்ணத்துக்கும் மாறி மாறி ஓடுகிறது. பேச்சு சிகிச்சையாளர் வாய் வேகத்தைச் சோதிக்கச் சொல்லச் சொல்லும் "பதக, பதக"வும் அதே வகை அசைவுதான். கையில் தாளம் போட்டுக்கொண்டே சொல்வதால் கைகாலும் பேச்சும் ஒரே வேலையில் சேர்கின்றன. முதலில் நொடிக்கு ஓர் அசையாகத் "தக", பிறகு "தகிட", பிறகு "தகதிமி". மூன்றும் பிசகாமல் வந்தபின் "தகதகிட". வேகம் கடைசியில்தான். தட்டும் தாளத்துக்காக அசைகளைத் துண்டாக்கிக் கத்தும் பழக்கம் வந்தால் நிறுத்துங்கள். முன்னே சொன்ன வெட்டு இங்கேயும் பொருந்தும். இன்னொன்று: தகிட வந்துவிட்டதால் தானாகவே சொற்கள் வந்துவிடாது. நீங்கள்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். "தக, தக, தக்காளி". "திமி, திமி, திமிங்கிலம்". கை வீசியும் சாய்ந்தாடியும் பாடும் பழைய விளையாட்டுப் பாட்டுகளில் வரியின் கடைசிச் சொல்லை விட்டுவிட்டுக் காத்திருந்தாலும் இதே வேலை நடக்கும்.

உடம்புக்கு வந்தால் கனடாவின் ஹெலன் பொலடாய்கோவும் அவர் குழுவினரும் உருவாக்கிய கோ-ஆப் முறை எளிது. இலக்கைக் குழந்தையே தேர்ந்தெடுக்கும்: சைக்கிள், சட்டைப் பொத்தான், பந்து பிடிப்பது. பிறகு நான்கு கேள்வி: என்ன செய்யணும், எப்படிச் செய்யலாம், செய்து பார், சரியா வந்துச்சா? விடையை நீங்கள் சொல்லிவிட்டால் முறை அங்கேயே செத்தது. ஐந்து வயதுக்கு மேல், கேள்வி புரியும் குழந்தைக்கு இது பொருந்தும். பொத்தானில் இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் தொடங்கி, கடைசிக் கட்டத்தை மட்டும் குழந்தைக்கு விடுங்கள்: பாதி நுழைத்த பொத்தானை அது இழுத்தால் போதும். அது தேறியதும் அதற்கு முந்தைய கட்டம். பந்து பிடிக்கப் பலூன், பிறகு துணிப்பந்து, பிறகு ரப்பர் பந்து. தூரம் ஒரு மீட்டர். சைக்கிளுக்குப் பக்கச் சக்கரம் வேண்டாம், அது சாய்ந்து சமன்செய்யும் வேலையையே பறித்துக்கொள்கிறது. பெடலைக் கழற்றி, இரண்டு பாதமும் தரையில் பதியுமளவு சீட்டை இறக்கி, லேசான சரிவில் உருள விடுங்கள். கால் தூக்கி உருள வந்த பிறகு பெடல். எழுத உட்காரும்போது பாதம் அந்தரத்தில் தொங்கினால் கையும் தள்ளாடும். காலடியில் ஒரு பலகை போடுங்கள். மூன்றுக்கு மூன்று புள்ளிக் கோலம், பெரிய சாக்கட்டியில், தரையில், எழுத்துக்கு முந்தைய அருமையான பாடம். நொண்டியும் அஞ்சாங்கல்லும் நல்லவைதான், ஆனால் கல்லுக்குப் பதில் சின்ன அரிசிப்பை, அது உருண்டோடாது.

ஆள் தேடும்போது இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். பேச்சு சிகிச்சையாளருக்கு அது கட்டாயம், கேட்பதில் கூச்சம் வேண்டாம். அரசுப் பக்கம் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையங்களும், முட்டுக்காட்டிலுள்ள பன்முக மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும், மைசூரில் அகில இந்தியப் பேச்சு கேட்டல் நிறுவனமும் இருக்கின்றன. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணை குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளுக்குள் டிஸ்பிராக்சியாவைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. பள்ளியில் தேர்வுச் சலுகை கேட்கும்போது இதைக் காட்டலாம்.

எந்த சிகிச்சையைத் தொடங்கினாலும் அதற்கு முந்தின நாள் பத்துச் சொற்களை எழுதி, ஒவ்வொன்றையும் மூன்று முறை சொல்ல வைத்துக் காணொளி எடுங்கள். அதே இடம், அதே நேரம், தூக்கக் கலக்கம் இல்லாத வேளை. அவற்றில் ஐந்தை மட்டும் பழக்குங்கள், மற்ற ஐந்தைத் தொடாதீர்கள். ஒரே சமயம் இரண்டு சிகிச்சையைத் தொடங்காதீர்கள். எது வேலை செய்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை அதே பத்தையும் மறுபடி எடுங்கள். இரண்டு ஐந்தும் ஒரே அளவு முன்னேறியிருந்தால் வயதும் வளர்ச்சியும் செய்த வேலையாக இருக்கலாம். பழக்கிய ஐந்து மட்டும் தேறினால் பயிற்சி வேலை செய்கிறது. பன்னிரண்டு வாரத்தில் எதுவுமே அசையவில்லை என்றால் காணொளிகளோடு இன்னொரு பேச்சு சிகிச்சையாளரிடம் போங்கள். முதல் நாள் அவர் கேட்கப் போகும் கேள்விகளில் பாதிக்கு விடை அதிலேயே இருக்கும்.